அறுபதுக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவே

வேன்காரர் வீட்டில் லைட்டு சரியில்லை என்ற பேச்சு மழை பிடித்த வாரத்தில் கிளம்பியது. கிளப்பியவர் வேன்காரரேதான். சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குகிற மூன்று பல்புகளையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது பல்பா, இல்ல மேல எவனாவது பீடி பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கானா?" என்று கேட்டார். அவர் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தட்டை எடுத்து வைத்தாள். அவளுக்கு அந்த வெளிச்சமே அதிகமாகத்தான் இருந்தது.

அவள் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் விரிப்பு தேய்க்கிறவள். காலை ஏழு மணிக்குப் போனால் மூன்று மணி வரை நின்றபடி வேலை. ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் விரிப்புகளைச் சூடான இஸ்திரி உருளையில் ஒரு முனையிலிருந்து ஊட்ட வேண்டும். மறுமுனையில் ஆவி பறக்க வெளியே வருவதைப் பிடித்து மூலைக்கு மூலை மடிக்க வேண்டும். முதல் வருஷம் விரல் நுனியெல்லாம் கொப்புளம். இரண்டாவது வருஷம் தோல் உரிந்தது. இப்போது பதினான்கு வருஷம் ஆகிறது, விரல்கள் மரத்தே போய்விட்டன. அடுப்பிலிருந்து சட்டியைத் துணியில்லாமல் இறக்குவாள். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். விரலோடு நின்றால் பரவாயில்லை. போன வருஷம் அவள் அம்மா செத்தபோது மூன்றாம் நாளே உருளைக்கு முன்னால் வந்து நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கல்நெஞ்சக்காரி என்று கூட வேலை செய்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். அவளும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை.

அந்த வீட்டில் இருக்கிற டிம்மர்கள் அவள் தம்பியின் கைங்கரியம். பணக்கார வீடுகளுக்கு லைட்டு மாட்டுகிற வேலை அவனுக்கு. ஒரு வீட்டம்மாவுக்கு டிம்மர் தகட்டின் நிறம் பிடிக்கவில்லையாம், நான்கையும் கழற்றி வீசச் சொல்லியிருக்கிறாள். இவன் வீசுவானா? நேரே அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிவிட்டான். நெம்புகோலை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும், கீழே இறக்கினால் குறையும். மூடியைக் கழற்றினால் உள்ளே குட்டித் திருகு இரண்டு. வெளிச்சம் எவ்வளவு தூரம் கீழே இறங்கலாம் என்பதற்கு ஒன்று, எவ்வளவு தூரம் மேலே ஏறலாம் என்பதற்கு ஒன்று. பக்கத்தில் ஒரு பொத்தான்; கோலைத் தள்ளியதும் வெளிச்சம் சட்டென்று மாற வேண்டுமா, மெல்ல மாற வேண்டுமா என்பதை அது தீர்மானிக்கும்.

"வெளிச்சம் வேணும்னுதானேடா லைட்டு போடறோம்? அதைக் குறைக்கறதுக்கு ஒரு மெஷினா மச்சான்? நல்லா பொழைச்சீங்கடா!" என்று அன்றைக்கு வேன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அது வெயில் காலம். ஏழு மணிவரை வெளிச்சம் இருந்த நாட்கள்.

மழை பிடித்ததும் பொழுது சுருங்கிப்போனது. சாயங்காலம் ஐந்து மணிக்கே தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிடும். கடைசி நடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேன்காரர் வீடு வந்து சேரும்போது ஊரே மங்கிக் கிடக்கும். வந்து உட்கார்ந்ததும் லைட்டோடு சண்டை. தம்பி வந்தான். மூடியைக் கழற்றினான்.

"அத்தான், கீழ்த் திருகை ஏத்தி வச்சுட்டேன். இனிமே நீங்க கோலை அடிவரைக்கும் இறக்கினாலும் நூத்துல அம்பதுக்குக் கீழ போகாது. சந்தோஷமா?"

"இது பேச்சு!" என்றார் வேன்காரர்.

பத்து நாள்தான். அதற்குள் புகார் தலைகீழாகிவிட்டது. இப்போது கண் கூசுகிறதாம். கோலைத் தள்ளியதும் வெளிச்சம் பளீரென்று வந்து, கண்ணில் மண்ணை வாரிப் போட்டதுபோல் ஆகிவிடுகிறதாம். அப்புறம் ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றும் தெரிவதில்லையாம். தம்பி மறுபடியும் வந்தான். மேல் திருகை இறக்கினான். பொத்தானை அழுத்தி, வெளிச்சம் ஏறுவதற்கு எட்டு விநாடி ஆகும்படி வைத்தான். கோலைத் தள்ளிவிட்டு எல்லாரும் பல்பையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சோம்பேறி மாதிரி அது மெதுவாக எழுந்திருக்கும்.

மூன்றாம் தடவை, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், தம்பிக்குப் பொறுமை போய்விட்டது.

"அக்கா, இந்த மனுஷனுக்கு என்னதான் வேணும்? அறுபதுல வச்சா இருட்டா இருக்குங்கறார். அறுபத்தஞ்சுல வச்சா கூசுதுங்கறார். அந்த அஞ்சுக்குள்ளயே இவர் குடித்தனம் பண்ணணும்னா நான் எங்க போறது? இப்படி ஒரு கஸ்டமரை நான் பாத்ததே இல்ல."

"என்கிட்ட ஏன்டா கேக்கற? அவர்கிட்டயே கேளு."

"பல்பும் டிம்மரும் ஒத்துப்போகலைன்னு நினைக்கறேன். எல்லா செட்டிங்கையும் அழிச்சுட்டு முதல்லேர்ந்து வைக்கறேன். இந்தத் தடவை சரியாயிடும் பாரு."

அவன் கண்ணில் பட்டதெல்லாம் பல்பும் திருகும்தான். லைட்டுக்காரன் புத்தி வேறு எங்கே போகும்?

அவன் ஸ்டூலில் ஏறி நின்றபோது பக்கத்து வீட்டு வாலு வந்தாள். ஆறு வயசு. வேன்காரரின் வண்டியில்தான் அவளும் பள்ளிக்கூடம் போகிறாள், அதுவும் முன்சீட்டில். கையில் நாலு மிட்டாய்க் காகிதம்.

"அத்தை, இந்த வாரம் நான் நாலு! அந்தக் குண்டுப் பையன் ரெண்டுதான்."

ஆள் பார்க்கிற விளையாட்டு அது. மழை தொடங்கியதிலிருந்து வண்டியில் நடக்கிறது. ரோட்டில் ஆளோ சைக்கிளோ நாயோ வந்தால் யார் முதலில் பார்த்துச் சத்தம் போடுகிறார்களோ அவர்களுக்கு ஒரு மிட்டாய். வேன்காரரின் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் கிடக்கும். இத்தனை வருஷம் பிள்ளைகள் கத்தினால், "வாயை மூடிக்கிட்டு வாங்கடா!" என்று அதட்டிக்கொண்டிருந்த மனுஷர் திடீரென்று குழைகிறாரே என்று பெற்றவர்களுக்கெல்லாம் ஆச்சரியம், சந்தோஷம். வேன்காரர் மனைவிக்கும்தான்.

"உங்க வேன் மாமாவை ஓட்டாண்டி ஆக்காம விடமாட்டீங்க போல," என்று சொல்லி வாலுவை அனுப்பிவைத்தாள்.

அதற்குள் தம்பிக்குப் போன் வந்தது. ஏதோ துணிக்கடையில் பாதி லைட்டு போய்விட்டதாம், கடைக்காரர் தலைகால் புரியாமல் கத்துகிறார். அந்த டிம்மரில் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் தானாகவே அடிவரை இறங்கி, உச்சிவரை ஏறி, மறுபடி இறங்கும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று பார்த்து லைட்டுக்காரன் நிறுத்துவதற்காக அந்த ஏற்பாடு. வேலை முடிந்ததும் அதே பொத்தானைக் கடைசியாக ஓர் அழுத்து அழுத்தி அதை நிறுத்திவிட்டுத்தான் மூடியை மாட்ட வேண்டும். தம்பி அந்த ஏற்பாட்டைத் தொடங்கி வைத்திருந்தான்; போன் வந்த அவசரத்தில் லைட்டை அணைத்து மூடியை மாட்டினான், பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கடைசி அழுத்தை மறந்தான்.

ஆறரைக்கு அவள் மேசையில் தட்டு வைத்தாள். ரொட்டியும் வறுத்த மீனும். வெளியே மழை சளசளவென்று கொட்டிக்கொண்டிருந்தது. லைட்டைப் போட்டாள். வேன்காரர் எதிரே உட்கார்ந்து மீனைப் பிட்டு முள்ளெடுக்க ஆரம்பித்தார். முள்ளெடுப்பதில் அவர் கெட்டிக்காரர். பேசிக்கொண்டேதான் எடுப்பார்.

"அந்தக் கடைக்கோடி வளைவுல ஒரே பள்ளம். ஒரு லோடு ஜல்லி கொட்டறதுக்கு என்ன வலிக்குதாம் இவனுங்களுக்கு? பிள்ளைங்க இடுப்பு உடைஞ்சுடும் போல..."

வெளிச்சம் இறங்கத் தொடங்கியது. அவள் முதலில் கரண்டுதான் ஆட்டம் காட்டுகிறது என்று நினைத்தாள். அப்புறம், 'அடப்பாவி, எதையோ அரைகுறையா விட்டுட்டுப் போயிட்டான்' என்று தம்பியைத் திட்ட வாயெடுத்தாள். வேன்காரரின் கை நின்றுவிட்டிருந்தது.

அவளுக்கு எல்லாம் தெரிந்தது. தட்டு தெரிந்தது, தட்டோரத்தில் ஒதுக்கிய முள் ஒவ்வொன்றும் தெரிந்தது, சுவரில் தொங்கிய காலண்டரின் தேதிகூடத் தெரிந்தது. அவருடைய இடதுகை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பு, போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி. அப்படியே காத்திருந்தார். வெளிச்சம் அடிவரை போய்த் திரும்பி ஏறியது. ஏற ஏற அவர் கை மறுபடி முள்ளைத் தேடிப் போனது.

"...ஆங், என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? பள்ளம். அந்தப் பள்ளம்," என்றார்.

லைட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு மாசமாக லைட்டு லைட்டு என்று உயிரை வாங்கிய மனுஷர், லைட்டு நிஜமாகவே ஆட்டம் போடும்போது வாயைத் திறக்கவில்லை. இறங்கியது லைட்டா, தன் கண்ணா என்று அவருக்கே தெரியவில்லை. அதுதான் விஷயம்.

இரண்டாம் முறை இறங்கியபோதும் அப்படியே. மூன்றாம் முறை இறங்கியபோது அவள் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளி எழுந்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு போய் அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்தார்.

"மீன் இன்னைக்கு நல்லா அமைஞ்சிருக்கு. உனக்கு ஒரு துண்டு எடுத்து வச்சுக்க," என்றார் நாற்காலியிடம்.

அப்படியே நின்றாள். வாசல் பக்கம் ஆணியில் அவருடைய ஈரக் கோட்டு தொங்கியது, மிட்டாய்ப் பொட்டலம் பையைப் பிதுக்கிக்கொண்டு. ஆளைப் பார்த்தால் சத்தம் போடு. சைக்கிளைப் பார்த்தால் சத்தம் போடு. அவள் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். ஆறு வயசுப் பிள்ளைகளின் கண்ணை வைத்துக்கொண்டுதான் அவர் இந்த மழைக்காலம் முழுக்க வண்டி ஓட்டியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை கொஞ்சம் விட்டது. வேன்காரர் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். வாளியை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் அவள் போய் நின்றாள்.

"என்னங்க, கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை போய்ட்டு வந்துடலாமா?"

"யாருக்கு? உனக்கா?"

"உங்களுக்கு."

"எனக்கென்ன கேடு? பகல்ல ஊசியில நூல் கோத்துக் காட்டட்டுமா?"

"பகலைப் பத்தி நான் கேக்கல. நேத்து மேசையில நான் உங்க பக்கத்துல வந்து நின்னேன். நீங்க நாற்காலிகிட்ட பேசிக்கிட்டிருந்தீங்க."

அவர் துணியைப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தார்.

"மச்சான் மாட்டின ஓட்டை டிம்மர். அதுல யாருக்குத்தான் கண்ணு தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சுது."

"இருபத்திரண்டு வருஷம்! வண்டியில ஒரு கீறல் காட்டு பாப்போம். இந்தத் தெருவுல ஒருத்தனைச் சொல்லச் சொல்லு."

"மிட்டாய் எதுக்குங்க குடுக்கறீங்க?"

அவர் சட்டென்று அவளைப் பார்த்தார். பகல் வெளிச்சத்தில் அந்தப் பார்வை நேராகத்தான் வந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"பிள்ளைங்களுக்கு மிட்டாய் குடுக்கறது ஒரு குத்தமா? போ, போய் வேலையைப் பாரு. நாளைக்குக் காலையில ஆறரைக்கு வண்டி எடுக்கணும்," என்று சொல்லிவிட்டு டயருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

அவள் உள்ளே போய்த் தம்பிக்குப் போன் போட்டாள். நேற்று நடந்ததை வரிசையாகச் சொன்னாள், சலவைக் கணக்கு ஒப்பிக்கிற குரலில்.

பிறகு, "மூணு தடவை வந்தேனே அக்கா," என்றான் தம்பி. "மூணு தடவையும் லைட்டைத்தான் பாத்தேன். அந்த மனுஷன் மூஞ்சிய ஒரு தடவை பாத்திருந்தா..."

"அதை விடு. வெளிச்சத்தை அளக்கற மெஷின் வச்சிருக்கியே, அதை எடுத்துக்கிட்டு நாலரைக்கு வா."

வந்தான். இருட்டுகிற நேரத்துக்குக் கடைக்கோடி வளைவுக்குப் போய், பிள்ளைகள் இறங்குகிற இடத்தில் தெருவிளக்குக்குக் கீழே அந்தச் சின்னக் கருவியை நீட்டி எண்ணைக் குறித்துக்கொண்டான். திரும்பி வந்து டிம்மரின் மூடியைக் கழற்றி, நேற்று மறந்த அழுத்தை முதலில் அழுத்தினான். இரண்டு திருகையும் இறக்கி இறக்கி, கருவியைத் தரையில் வைத்துப் பார்த்து, தெருவில் இருந்த அதே எண்ணுக்குக் கூடத்தைக் கொண்டுவந்தான். இனி கோலை எவ்வளவு மேலே தள்ளினாலும் அந்த வளைவில் இருக்கிற வெளிச்சம்தான் வீட்டிலும்.

"அக்கா, இது வேண்டாமே. அத்தானை இப்படி நிக்க வச்சு... எனக்கு மனசு கேக்கல."

"எனக்கும் வேண்டாம்னுதான் இருக்கணும்டா. ஒண்ணுமே தோணல. அழுகைகூட வரல. வந்திருந்தா அழுதுட்டு, நாளைக்குக் காலையில அவருக்கு டிபன் கட்டிக் குடுத்து அனுப்பியிருப்பேன்."

அவள் பக்கத்து வீட்டுக்குப் போய் வாலுவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மஞ்சள் மழைக்கோட்டும் தொப்பியுமாக வந்தாள் குழந்தை. "ஒரு விளையாட்டு கண்ணு. இந்தக் கதவோரமா நில்லு. நான் சொல்ற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. மாமா உன்னைப் பாக்காட்டி நீ ஜெயிச்ச," என்றாள். வாலுவுக்குக் கசக்குமா? இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள்.

வேன்காரர் வாளியை வெளியே வைத்துவிட்டு, காலைத் துடைத்து, வண்டிச் சாவியை ஒரு கையில் பொத்தியபடி உள்ளே வந்தார். சுவரைத் தொட்டபடி வந்து, நாற்காலியின் முதுகு கையில் பட்டதும் நின்றார்.

"என்ன இது, மறுபடியும் பீடி வெளிச்சம்?"

"நான்தான் அத்தான்," என்றான் தம்பி சுவர் பக்கமிருந்து. "டிம்மரைப் பாக்க வந்தேன்."

"நீ கிழிச்சே!"

"உக்காருங்க," என்றாள் அவள். "நாமளும் உங்க விளையாட்டை ஒரு தடவை விளையாடிப் பாப்போம். இந்த ரூம்ல யார் யார் இருக்கோம்னு சொல்லுங்க. சரியா சொல்லிட்டா நாளைக்கு நீங்க வண்டி எடுங்க. நான் வாயைத் திறக்கமாட்டேன்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். அது என்ன என்று அவருக்குப் புரிந்துவிட்டது; புரிந்தும் எழுந்து போகவில்லை. ஒருவேளை அவருக்கே அந்தப் பதில் தேவையாக இருந்ததோ என்னவோ. தலையை மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பினார். கதவுப் பக்கம் திரும்பியபோது கொஞ்சம் நின்றார்.

"நீ. அங்க மச்சான். ரெண்டு பேர்."

"நல்லா பாத்துச் சொல்லுங்க."

"அதான் சொல்லிட்டேனே. ரெண்டு பேர். இதுல என்ன பெரிய..."

வாலுவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"மாமா தோத்துட்டாரு! நான்! நான் ஜெயிச்சுட்டேன்!" என்று குதித்தாள். மழைக்கோட்டு சரசரவென்று சத்தம் போட்டது.

வேன்காரர் அந்தச் சத்தம் வந்த திசைக்குத் திரும்பினார். கையை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம்.

"எவ்வளவு நேரமா அங்க நிக்கிற, கண்ணு?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியிலேர்ந்து. நீங்க என்னைத் தாண்டித்தானே மாமா வந்தீங்க! உங்க கைகூட என் தொப்பியில பட்டுச்சு. நான் சிரிக்கவே இல்ல தெரியுமா?"

ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. அவள் தன் புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது. ரொம்பப் பாவமாக இருந்தது. அது எங்கேயோ தூரத்தில் யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது, ஆனாலும் இருந்தது.

வேன்காரர் எழுந்து கோட்டு தொங்கும் ஆணியைத் தடவிக் கண்டுபிடித்தார். பொட்டலத்தை எடுத்தார். குழந்தையின் கை எங்கே என்று பார்த்து, பார்த்து, கடைசியில் தன் கையை விரித்துக் காட்டினார். வாலுவே வந்து வாங்கிக்கொண்டாள்.

"எல்லாமா மாமா?"

"எல்லாமேதான். வீட்டுக்குப் போ. பாத்துப் போ."

வாலு ஓடிப்போனாள். வேன்காரர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"காலையில யாரு ஓட்டுவா?" என்று கேட்டார். அது அவளிடம் கேட்டதா, தனக்குத்தானே கேட்டுக்கொண்டதா என்று தெரியவில்லை.

"இப்பவே பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிடலாங்க. வேற ஆளை அனுப்புவாங்க."

"நான் பண்றேன். என் வேலை அது." போனை அவள் பக்கம் நீட்டினார். "நம்பரை மட்டும் நீ போட்டுக் குடு."

"சரிங்க."

"லைட்டைக் கூட்டு மச்சான். போதும்."

தம்பி திருகுகளைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டுக் கோலை மேலே தள்ளினான். எட்டு விநாடி என்று அவன்தான் வைத்திருந்தான். எல்லாவற்றையும் அழிக்கிறேன் என்று சொன்னவன் இதை மாற்ற மறந்திருந்தான். பல்புகள் மூன்றும் அவசரமில்லாமல் ஏறின. மூன்று பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் முழுசாக வந்தபோது வண்டிச் சாவி மேசைமேல் இருந்தது, மீன் தட்டு வைக்கிற இடத்தில்.

அவள் அதை எடுத்தாள். அவ்வளவு நேரம் அவர் உள்ளங்கையில் இருந்த சாவி. சூடாக இருக்கிறதா என்று விரலுக்குத் தெரியவில்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது.